காதுக்குள்ளா, காதுக்குப் பின்னாலா? வன்னியில் கேட்டல் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

மல்லாவியில் இருக்கும் என் அக்கா வருகிற மாதம் கேட்டல் கருவி வாங்கப் போகிறார். பிள்ளைகள் பணம் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். காதுக்குள் வைத்து மறைத்துக்கொள்ளும் கருவியை வாங்குவதா, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை வாங்குவதா என்பது மட்டும் முடிவாகவில்லை. 2013 முதல் காதுக்குள் வைக்கும் கருவியோடு வாழ்கிறவள் என்பதால் என்னிடம் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விடயம் அல்ல இது. இதே கேள்வியோடு முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விற்பவர்கள் முதலில் சொல்வது, "வெளியே தெரியாது" என்பதைத்தான். அந்தச் சொல்லின் பலத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று காது கேளாதவரின் முன்னாலேயே கூசாமல் சொல்லும் ஊர்கள் நம்முடையவை. கல்யாணம் பேசும் வயதில் ஒரு பெண்பிள்ளைக்குக் காதில் கருவி தேவைப்பட்டால் அந்த வீடு படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் நிற்க வேண்டியவளாக இருந்ததால் நானும் கண்ணுக்கே தெரியாத சிறியதைத்தான் முதலில் வாங்கினேன். ஆனால் கருவி தெரியாமல் போனாலும் கேளாமை தெரியாமல் போவதில்லை. ஒரே கேள்வியை மூன்று முறை திருப்பிக் கேட்பதும், எல்லோரும் சிரிக்கும்போது பிந்திச் சிரிப்பதும் காதுக்குப் பின்னால் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டைவிடப் பளிச்சென்று தெரியும். எனவே மறைவு என்பதைக் கணக்கில் கடைசியாகச் சேருங்கள்.

கடைக்குப் போகும் முன் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் காதைப் பார்க்க வேண்டும். வன்னியில் இது மற்ற இடங்களைவிட முக்கியம். இங்கே கேளாமைக்கு முதுமை மட்டும் காரணம் அல்ல. ஷெல் அதிர்வில் செவிப்பறை கிழிந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் காதில் சீழ் வடிந்து, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மருந்தில்லாமல் அது நாட்பட்ட நோயாகிப் போனவர்களும் இருக்கிறார்கள். என் இடது காதை நான் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விசுவமடுவில் இழந்தேன். வலது காதில் மிச்சம் இருப்பதைக்கொண்டுதான் கருவி வேலை செய்கிறது.

காதில் அடிக்கடி நீர் வடிகிறது, செவிப்பறையில் துளை இருக்கிறது என்றால் காதுக்குள் வைக்கும் கருவியை விட்டுவிடுங்கள். அது காதுத்துவாரத்தை அடைத்து உள்ளே ஈரத்தையும் சூட்டையும் தேக்கும். வடிதல் கூடும், கருவியும் பழுதாகும். அப்படிப்பட்ட காதுக்குக் காற்றுத்துளை வைத்த அச்சோடு (காதின் அளவெடுத்து வார்த்து உள்ளே வைக்கும் துண்டு) பின்னால் மாட்டும் கருவி பொருந்தக்கூடும். காதை மூடவே கூடாத நிலை என்றால், எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவிகள் இருக்கின்றன. செவிப்பறைத் துளையைச் சத்திரசிகிச்சையால் மூடக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. இதையெல்லாம் பார்க்காமல் நேரே காது அச்சு எடுக்க வருகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது கேட்டல் பரிசோதனைத் தாள். 250 ஹேர்ட்ஸ் முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபல் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று அதில் கோடு இழுத்திருப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. 20 டெசிபலுக்குள் கேட்டால் குறையில்லை. 35 முதல் 50 வரை நடுத்தரக் குறைபாடு. 65ஐத் தாண்டினால் கடுமையானது. காதுக்குள் முழுதாக மறையும் சிறிய கருவிகள் சுமார் 60 டெசிபல் வரையான குறைபாட்டுக்கே சிரமமில்லாமல் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் ஒலியைக் கூட்டினால், மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பதால் கருவி கீச்சிடத் தொடங்கும். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. பின்னால் மாட்டுவதுதான் வழி. வளரும் பிள்ளைகளுக்கும் அதுவே. காது வளர வளர அச்சை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம்.

கோடு எவ்வளவு கீழே போகிறது என்பதைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். இதைப் பலர் சொல்வதில்லை. முதுமையாலும் வெடியோசையாலும் வருகிற கேளாமை பெரும்பாலும் உயர்சுருதிகளைத்தான் முதலில் தின்னும். மாட்டின் குரலும் உழவு இயந்திரத்தின் உறுமலும் நன்றாகக் கேட்கும். பேரப்பிள்ளையின் பேச்சில் 'ச'வும் 'த'வும் 'ப'வும் காணாமல் போகும். "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று இவர்கள் சொல்வது அதனால்தான். இவர்களின் காதைக் கருவியால் அடைத்தால் இயல்பாகக் கேட்டுக்கொண்டிருந்த தாழ்சுருதியும் கெடும். தங்கள் குரல் தங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். சாப்பாட்டை மெல்லும் சத்தம் மண்டைக்குள் இடிக்கும். காதுக்குள் வைக்கும் கருவியிலும் சிறு காற்றுத்துளை போடுவார்கள். ஆனால் சிறிய கருவியில் அதற்கு இடம் போதாது. பின்னால் மாட்டும் கருவியில், மெல்லிய கம்பியின் நுனியில் துளைகள் உள்ள ரப்பர் மொட்டை வைத்துக் காதைத் திறந்தபடியே விடலாம். உயர்சுருதி மட்டும் போனவர்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

இனி, எனக்கே வலித்த விடயத்துக்கு வருகிறேன்: குறும்பி.

முதல் கருவியை வாங்கி ஆறு மாதத்தில் சத்தம் குறையத் தொடங்கியது. பற்றரியை மாற்றினேன். இன்னொன்றை மாற்றினேன். ஒரு அட்டைப் பற்றரி முழுவதும் தீர்ந்தது. பிறகு கருவி ஊமையாகியே போனது. பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு விடிய பஸ் ஏறி, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் போய், அங்கிருந்து ஏ9 வீதியில் இன்னொரு பஸ் பிடித்துக் கருவி வாங்கிய இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பையன் கருவியின் நுனியிலிருந்த அரிசிக் குறுணி அளவான வெள்ளை வடியைக் கழற்றி, புதியதைக் குத்தி, இரண்டு நிமிடத்தில் கையில் தந்தான். கருவி முன்போலக் கேட்டது. குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும் வடி அது. வாங்கிய நாளில் அப்படி ஒன்று இருப்பதையே யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் சம்பளம், இரண்டு பஸ் பயணம், ஆறு பற்றரி, அரைகுறையாகக் கேட்டபடி பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில வாரங்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

காதுக்குள் வைக்கும் கருவியின் ஒலிபெருக்கி, குறும்பி உருவாகும் இடத்திலேயே இருக்கிறது. காதுக்குள் ஒரு பொருளை நாள் முழுவதும் வைத்திருந்தால் குறும்பி இயல்பாக வெளியே நகர்வதும் தடைப்படும். எனவே சத்தம் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பற்றரியை அல்ல, வடியைத்தான். எனக்கு மாதம் ஒன்று போகிறது. வடிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவில் வேறுபடும். நம் பக்கத்து மருந்துக்கடைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. ஒரு வருடத்துக்குத் தேவையானதை ஒன்றாக வாங்கி, பெட்டியின் மேல்மூடியையும் அளவு தெரிவதற்காக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாட்டும் கருவிகளிலும் மெல்லிய கம்பி வகைக்கு ஒலிபெருக்கி காதுக்குள்தான் இருக்கும். அதற்கும் வடி உண்டு. ஆனால் தடித்த குழாயும் அச்சும் உள்ள பழைய வகையில் எல்லா இயந்திரமும் காதுக்கு வெளியே இருக்கிறது. அச்சையும் குழாயையும் கருவியிலிருந்து கழற்றி இளஞ்சூட்டு நீரில் கழுவி, உள்ளே நீர் தங்காமல் ஊதிக் காயவைத்து மாட்டினால் போதும். குறும்பி அதிகம் வரும் காதுக்கு இதுதான் என் தெரிவு.

வெயிலும் புழுதியும் வியர்வையும் இரண்டு வகைக்கும் பகைதான், ஆனால் தாக்கும் விதம் வேறு. பின்னால் மாட்டும் கருவியின் மைக் காதின் மேல்விளிம்பில் இருக்கிறது. வயலில் குனிந்து நிற்பவரின் தலைமயிரிலிருந்து வழியும் வியர்வை நேராக அதன்மேல் இறங்கும். அறுவடைக் காலத்தில் நெற்தூசும் அங்கேதான் படியும். மெல்லிய துணியுறை போடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போனால் அந்த மைக்கில் காற்று இரையும். காதுக்குள் இருக்கும் கருவிக்குக் காதுமடலே மறைப்பு. காற்றிரைச்சல் குறைவு. தலைக்கவசம் போடும்போதும் கழற்றும்போதும் பின்னால் மாட்டும் கருவி இழுபட்டு விழும். மூக்குக்கண்ணாடிக் காம்பும் முகக்கவசக் கயிறும் அதோடு இடத்துக்குச் சண்டை போடும். நான் ஸ்கூட்டரில் பாடசாலைக்குப் போகிறவள், கண்ணாடியும் போடுகிறவள். காதுக்குள் வைப்பதை நான் கைவிடாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். தொலைபேசியையும் எல்லோரையும் போலக் காதில் வைத்துப் பேச முடிகிறது. பின்னால் மாட்டுகிறவர்கள் அதைச் சற்று மேலே, மைக்குக்கு நேராகப் பிடிக்கப் பழக வேண்டும்.

முகப்பவுடரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். குளித்து, எண்ணெய் வைத்து, பவுடர் பூசி முடித்த பிறகுதான் கருவியைக் காதில் வையுங்கள். பவுடர்த் தூள் மைக் துளையை அடைப்பதைப் போல வேறெதுவும் அடைப்பதில்லை. கிணற்றுக்கட்டில் கருவியைக் கழற்றி வைக்கவே கூடாது. கிணற்றுக்குள் போன கருவியை எடுத்தாலும் அது எடுத்த மாதிரி அல்ல.

பற்றரி விடயத்தில் வன்னியின் தூரம் நேரடியாகக் குறுக்கிடுகிறது. இந்தக் கருவிகளுக்குப் போடுவது காற்றுப் பட்டால் உயிர்பெறும் துத்தநாகப் பற்றரி. மணிக்கூட்டுப் பற்றரி சரிவராது. மஞ்சள் ஒட்டியுள்ள 10ஆம் இலக்கம் மிகச் சிறிய கருவிக்கு. ஒரு வாரம்கூட நிற்பது அரிது. கபில நிற 312 ஒரு வாரம், சற்றுக் கூடலாம். செம்மஞ்சள் 13 பத்து நாள் முதல் இரண்டு வாரம். நீல நிற 675 பெரிய கருவிகளுக்கு. இரண்டு மூன்று வாரம் போகும். சிறிய கருவியை விரும்பினால் அடிக்கடி பற்றரி மாற்றச் சம்மதிக்கிறீர்கள் என்றுதான் பொருள். ஒட்டியைக் கிழித்து ஓரிரு நிமிடம் காற்றுப்படவிட்ட பிறகே போட வேண்டும். கிழித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், ஈரம் படியும். சில்லறைக் காசோடு பணப்பையில் போடாதீர்கள். பழைய பற்றரியைக் குழந்தைகள் கையில் எட்டவிடாதீர்கள். விழுங்கினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டியது.

மின்னேற்றிக்கொள்ளும் வகை இப்போது வந்திருக்கிறது. பின்னால் மாட்டும் கருவிகளில் தாராளமாகவும், காதுக்குள் வைப்பவற்றில் சற்றுப் பெரியவற்றிலும் கிடைக்கிறது. இரவு பெட்டியில் வைத்தால் மறுநாள் முழுவதற்கும் போதும். நடுங்கும் விரல்களுக்கும் கண்ணில் புரை உள்ளவர்களுக்கும் இது பெரிய விடுதலை. உள்ளிருக்கும் பற்றரி சில வருடங்களில் தளரும் என்பதும், அதைக் கடையில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்பதும் இதன் குறை. மாரியில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்பவர்கள், கைத்தொலைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பாங்கில் ஏற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பற்றரி வாங்கவே பஸ் ஏறும் ஊர்களுக்கு நான் மின்னேற்றும் வகையையே சொல்வேன்.

பழுதானால் என்ன ஆகும் என்பதை யோசித்தால்தான் உண்மையான வித்தியாசம் விளங்கும். பின்னால் மாட்டும் கருவி திருத்தப் போனால், தற்காலிகமாக இன்னொரு கருவியை உங்கள் அச்சிலேயே பொருத்தித் தரக் கேட்கலாம். காதுக்குள் வைக்கும் கருவியின் கூடே உங்கள் காதின் அச்சு. அது கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனால் திரும்பி வரும் நாள்வரை காது வெறுமைதான். நான் ஒருமுறை நான்கு வாரம் அப்படி இருந்தேன்.

நம்மிடையே இன்னொரு வழக்கம் உண்டு. கனடாவிலோ சுவிசிலோ ஒரு பெரியம்மா காலமானால் அவருடைய கருவி பார்சலில் வந்து சேரும். அது பின்னால் மாட்டும் வகை என்றால் பயன்பட வாய்ப்பிருக்கிறது. புதிய அச்சு எடுத்து, உங்கள் பரிசோதனைத் தாளின்படி கணினியில் திருத்தியமைக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் மென்பொருள் இங்கே உள்ளவரிடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காதுக்குள் வைக்கும் வகை என்றால் அது இன்னொருவரின் செருப்பைவிடப் பொருந்தாது. திருத்தியமைக்காமல் அப்படியே போட்டுக்கொள்வது எந்த வகையிலும் தவறு. இறந்தவரின் கேளாமைக்கு அளந்த ஒலி, உங்கள் காதில் மிச்சமிருப்பதையும் கெடுக்கலாம். இணையத்தில் மலிவாக விற்கும், காதில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டும் சாதனங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவற்றில் பல உங்கள் குறைபாட்டை அறியாமல் எல்லாச் சத்தத்தையும் ஒருசேர உயர்த்துகின்றன.

பராமரிப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். இரவு கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பற்றரிக் கதவைத் திறந்து பற்றரியை வெளியே எடுத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். அடியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள், மேலே ஒரு துணி. பற்றரியை அந்த டப்பாவில் வைத்தால் அதுவும் உலர்ந்து கெடும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல மணிகளைச் சமையல் சட்டியில் போடாதீர்கள், அவற்றில் கோபால்ட் இருக்கிறது. அரிசிப் பானையில் கருவியைப் புதைப்பதால் தவிடும் தூளும்தான் துளைக்குள் போகும். காலையில், உள்ளே ஒட்டியது உலர்ந்திருக்கும்போது, துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தூரிகையால் தட்டுகிறேன். மேலே பார்த்துத் துலக்கினால் அழுக்கு உள்ளே இறங்கும். தண்ணீர், ஸ்பிரிட், ஊசி எதுவும் கூடாது. டப்பாவை உயரத்தில் வையுங்கள். குறும்பி வாசத்துக்கு நாய்கள் கருவியைத் தேடி எடுத்துக் கடித்துவிடும்.

கைவிரல்களைப் பற்றிச் சுருக்கமாக: காப்புக் காய்ச்சிய விரல்களுக்கு மிகச் சிறிய கருவி பொருந்தாது. ஆனால் காதுக்குழியை நிறைக்கும் பெரிய வகை ஒரே துண்டாக இருப்பதால், பின்னால் மாட்டும் கருவியைவிடச் சில முதியவர்களுக்கு வைக்க எளிது. என் இப்போதைய கருவி இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு, 2019இல் மாற்றினேன். தெரியத்தான் செய்கிறது. பிள்ளைகள் முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் மறந்துவிட்டார்கள்.

அக்காவின் தாளை மருமகள் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். இரண்டு காதிலும் தாழ்சுருதி 30 டெசிபலில் நிற்கிறது, 2000 ஹேர்ட்ஸுக்குப் பிறகு 65க்குச் சரிகிறது. சீழ் இல்லை, செவிப்பறை முழுதாக இருக்கிறது. தலைக்கவசம் போடுவதில்லை, கண்ணாடி வாசிக்க மட்டும். மாதத்தில் பாதி நாள் வயலில். இவருக்குப் பின்னால் மாட்டும், திறந்த மொட்டுள்ள, மின்னேற்றும் கருவிதான் சரி என்று எழுதினேன். பணம் இரண்டு காதுக்கும் போதாவிட்டால், இரண்டுக்கும் ஒரு படி மலிவானதைக் கேட்கச் சொன்னேன். உதவிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை முதலில் சந்திக்கவும் சொன்னேன். வாங்கும் இடத்தில் சில வாரம் போட்டுப் பார்த்து மாற்ற முடியுமா என்றும், முதல் இரண்டு மாதத்தில் எத்தனை முறை வந்து ஒலியைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் எழுத்தில் வாங்க வேண்டும்.

"மயிரை இழுத்து முடிந்தால் தெரியுமே, தங்கச்சி" என்று பதில் அனுப்பினார். தெரியும் அக்கா, நீங்கள் அப்படியே முடியுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை மாங்குளம் சந்தியில் காலை பஸ்ஸுக்கு இருவரும் சந்திக்கிறோம்.